எங்கள் வீட்டுக்கு எண்பது வாட்

நம் தெருவில் பிறந்து, நம் பள்ளிக்கூடத்து பெஞ்சில் பேர் கிறுக்கி, இன்று முட்டிக்குத் தைலமும் காதுக்கு மெஷினுமாக உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

நான் சந்தேகப் பிராணி என்று உங்களுக்குத் தெரியும். பால்காரர் ஊற்றிய பாலை நகத்தில் ஒரு சொட்டு நிறுத்திப் பார்க்காமல் உள்ளே கொண்டுபோக மாட்டேன். மருமகள் போனில் குரலைத் தாழ்த்தினால் நான் டி.வி. சத்தத்தைத் தாழ்த்துவேன். போன மாதம் மீட்டர் மாற்ற வந்த பையனிடம் அடையாள அட்டை வாங்கி, போட்டோவையும் அவன் மூக்கையும் மூன்று தடவை ஒத்துப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டே, "நான் திருடன் இல்ல பாட்டி" என்றான். அதற்குப் பிறகு அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கரண்ட் ஆபீஸ்காரர் ஒருவரை எங்கள் வீட்டு வாசலில் நிற்கவைத்து, அவர் முகத்துக்கு எதிரே நான் சொன்ன ஒரு வார்த்தை ஞாபகம் வந்துவிட்டது.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, நம் சித்தூர் ஜில்லாவும் அதோடு போய், எல்லைக் கோடு எங்கே விழும் என்று யாருக்கும் நிச்சயமில்லாத வருஷங்கள் அவை. திருத்தணி அந்தப் பக்கம், மெட்ராஸுக்குப் போகும், நகரி இந்தப் பக்கம் நிற்கும் என்பார்கள். மறுநாள் மாற்றிச் சொல்வார்கள். நோட்டும் பென்சிலுமாக யார் தெருவுக்குள் நுழைந்தாலும் அவர் ஆள் எண்ண வந்தவர்தான். அம்மை குத்த வந்த நர்ஸம்மாவைக்கூட, வீட்டில் பேசுவது தமிழா தெலுங்கா என்று பார்க்க வந்தவள் என்று சொல்லி, பாதித் தெரு கதவைச் சாத்திக்கொண்டது. அந்தப் பாதித் தெருவில் மூன்று பேருக்கு அந்த வருஷமே அம்மை வந்தது வேறு கதை.

தெருவுக்குக் கரண்ட் வந்து அப்போது இரண்டு வருஷம் இருக்கும். மீட்டர் கிடையாது. ஒரு பல்பு வீடு, இரண்டு பல்பு வீடு என்று ஆபீஸ் நோட்டில் எழுதியிருக்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு பல்பு போட்டாலும் திருட்டு. தெருவின் தலைமாட்டில் இருந்த நம் நெசவு வீடுகள் எல்லாம் இரண்டு பல்பு வாங்கின, ஒன்று வீட்டுக்கு, ஒன்று தறிக்கு. கால்மாட்டில் இருந்த தெலுங்கு வீடுகளுக்கு ஒன்றே போதுமாக இருந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லோரும் சுவிட்சைத் தட்டினால் தலைமாட்டில் விளக்கு வெள்ளையாக எரியும். போகப் போக மஞ்சளாகி, கடைசி வீடுகளில் பழுத்த தக்காளி நிறத்துக்கு வந்துவிடும். கடைசி வீட்டுக்காரியே, நீ அந்தத் தக்காளி வெளிச்சத்தில் படித்துத்தான் பாஸ் பண்ணினாய் என்பது எனக்கு மறக்கவில்லை. நீ இதைக் கடைசிவரை படி.

வெளிச்சம் போதவில்லை என்று கால்மாட்டுக்காரர்கள் எழுதிப்போட்ட புகாருக்குத்தான் அவர் வந்தார். சித்தூர் ஆபீஸ் அனுப்பிய ஆள், சொந்த ஊர் திருப்பதி. முப்பது வயது இருக்கும். எங்கள் வீட்டை ஒட்டி, தனி வாசல் வைத்த ஒரு சின்ன அறை இருந்தது. அதில் தங்கிக்கொண்டு எங்கள் வீட்டில் சாப்பிட ஏற்பாடு. வந்த அன்றே அம்மாவை "அக்கா" என்றும் நைனாவை, எங்கள் அப்பாவைத்தான், "அண்ணா" என்றும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். தமிழ் பேசுவார், நடுவில் கல் தடுக்கினாற்போல் தெலுங்கு வரும். என்னை அம்மாயி என்பார், பொண்ணு என்று அர்த்தம். தெரு அவருக்குக் கரண்ட் சார் என்று பேர் வைத்தது.

அவரிடம் தேக்குமரப் பெட்டி ஒன்று இருந்தது. தோல் வார், பித்தளைக் கொக்கி. திறந்தால் உள்ளே கண்ணாடி போட்ட இரண்டு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் மயிரிழை போல ஒரு முள். புது மரத்து வாசனையும் ரப்பர் வாசனையும் சேர்ந்து வரும். இன்னொன்று அவருடைய பென்சில். எழுதும்போது கருப்பாகத்தான் இருக்கும், நாக்கில் தொட்டு எழுதினால் ஊதா மையாகிவிடும். பிறகு அழிக்கவே முடியாது. அதனால் அவர் கீழுதட்டில் எப்போதும் ஒரு ஊதாப் பொட்டு.

"ஆறு மாசம் டெம்பரவரி அக்கா" என்று முதல் நாள் ரசம் ஊற்றும்போது அம்மாவிடம் சொன்னார். "இந்தத் தெரு ரிப்போர்ட் நல்லா குடுத்தா பர்மனென்ட் சேஸ்தாரு. அப்புறம் கல்யாணம். பொண்ணு ரெடி, உத்தியோகம்தான் ரெடி இல்ல."

அம்மா சிரித்தாள். எனக்கும் அன்றைக்கு அவரைப் பிடித்திருந்தது.

அளப்பதற்கு விளக்கு எல்லாம் எரிய வேண்டும், அதனால் அவர் வேலை ஏழு மணிக்குத்தான். கால்மாட்டிலிருந்து ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக்கு வர இன்னும் நாலு நாள் ஆகும் என்று நைனா நினைத்திருந்தார். மூன்றாம் நாளே, அறைக்குத் திரும்பும் வழிதானே என்று எங்கள் வாசலில் பெட்டியை இறக்கிவிட்டார்.

"எல்லா லைட்டும் போடுங்கண்ணா."

"ரெண்டுதான் சார். ரெண்டும் எரிஞ்சிகினுதான் கீது."

வாசல் சுவரில் இருந்த பலகையில் பீங்கான் ப்யூஸைப் பிடுங்கினார். வீடு இருண்டது. இருண்ட அந்த நொடியில் இன்னொன்றும் நடந்தது. வீட்டுக்குப் பின்னால், கொல்லையைத் தாண்டி இருந்த எங்கள் தறிக் கொட்டகையில் நாலு கைத்தறியும் நின்றன. நெசவுத் தெருப் பிள்ளைகளுக்குத் தறிச் சத்தம் காதில் விழாது, நின்றால்தான் விழும். எனக்கு விழுந்தது. கரண்ட் சார் பெட்டியின் இரண்டு கம்பிகளை ப்யூஸ் இருந்த இடத்தில் மாட்டினார். விளக்கு வந்தது. கொட்டகையில் டக்கு டக்கு என்று மறுபடி ஆரம்பித்தது. அவர் தலையை லேசாகத் திருப்பி, கொல்லைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பென்சிலை நாக்கில் தொட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நைனா அன்று சாப்பிடவில்லை. விடிந்ததும் புத்தூருக்கு பஸ் ஏறினார். எங்களுக்கு வயரிங் செய்த ஆள் அங்கேதான் இருந்தான். மத்தியானம் திரும்பி வந்தவர் வீட்டுக்கு வராமல் நேராக டீக்கடைக்குப் போனார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க ஒரே பேச்சு: கரண்ட் சார் கரண்டை அளக்க வரவில்லை, எல்லைக்கு ஆள் எண்ண வந்திருக்கிறார்.

அந்த டீக்கடைப் பேச்சை யார் முதலில் எடுத்தது என்று உங்களில் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. எனக்கும் அன்று தோன்றவில்லை.

"பாப்பா, நீ கணக்குல கெட்டி" என்றார் நைனா. "அவுரு குளிக்கப் போறப்ப அந்த நோட்ட எடுத்து, இன்னா எழுதிகீறாருன்னு உன் நோட்டுல எழுதிகினு வா. யாருகிட்டயும் மூச்சு விடாத."

எனக்குப் பதினொரு வயது. ஏழாம் வகுப்பு. அதுவரை நைனா என்னை ஒரு வேலைக்குக் கூப்பிட்டது கால் அமுக்கத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் அவர் சோப்புப் பெட்டியுடன் கிணற்றடிக்குப் போனதும் நான் அறைக்குள் போனேன். தலைப்பே இல்லாத நோட்டு. இடது ஓரத்தில் வீட்டு நம்பர், பிறகு நாலு வரிசை எண்கள். நானும் அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன். நைனா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு டீக்கடைக்குப் போவார். நான் பின்னாலேயே போய் வாசலில் நிற்பேன். பெரியவர்கள் எனக்கு வழி விட்டார்கள், பொரை பிஸ்கட் கொடுத்தார்கள். உங்களில் சிலர் என்னை அப்போது எவ்வளவு பொறாமையாகப் பார்த்தீர்கள் என்பதும் தெரியும்.

அந்த எண்களை அவர்கள் ஆராய்ந்த அழகைச் சொல்ல வேண்டும். முதல் வரிசையில் எல்லா வீட்டுக்கும் இருநூற்றுச் சொச்சம். அது ஊர் நம்பர் என்றார்கள். இரண்டாவதில் சைபர் புள்ளி வைத்து ஏதோ. அது சங்கேதம் என்றார்கள். மூன்றாவதுதான் எல்லோரையும் கவிழ்த்தது. நம் தலைமாட்டுத் தமிழ் வீடுகளுக்கு எல்லாம் அறுநூற்றுப் பத்து, அறுநூற்றுப் பதினொன்று. கால்மாட்டுத் தெலுங்கு வீடுகளுக்கு எல்லாம் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம்.

"பாத்தியா? பாஷய பிரிச்சிட்டான்" என்றார் பாவு போடும் பெரியவர். பாவு என்றால் என்ன என்று கேட்கும் பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால், தறியில் நீளமாக ஓடும் நூல் என்று சொல்லுங்கள்.

கால்மாட்டில் ஒரு தெலுங்கு வீட்டுக்கு மட்டும் அறுநூற்றுச் சொச்சம் இருந்தது. அவர்கள் புதுசாக இரண்டு பல்பு போட்டிருந்தார்கள். அதற்கும் விளக்கம் கிடைத்தது.

"அவுங்க மருமவ திருத்தணிக்காரி இல்ல? அதான் நம்ம கணக்குல சேத்துகீறான்."

எண்ணிப் பார்த்தார்கள். நம் பக்கம் இருபத்தேழு வீடு, அவர்கள் பக்கம் முப்பத்தொன்று.  தெரு தெலுங்குத் தெரு என்று சித்தூருக்கு எழுதிப்போட்டால், கோடு நம் தலைக்கு மேலே விழும், மெட்ராஸோடு சேர நினைத்ததெல்லாம் அவ்வளவுதான் என்று ஆளாளுக்கு முகம் கறுத்தது.

"இன்னொரு வீடு கீதே" என்றார் ஒருவர். "இருநூத்தி நாப்பத்தி நாலு. இது யாரு வீடு?"

எங்கள் வீடு. தெருவிலேயே அந்த எண் எங்களுக்கு மட்டும்தான். எல்லோரும் நைனாவைப் பார்த்தார்கள்.

நைனா துண்டை உதறித் தோளில் போட்டார். "அவனுக்கு சோறு போட்றவன் நானு. என்ன எந்தப் பக்கத்துலயும் சேக்காம தனியா எழுதி வெச்சிகீறான். இன்னா நெஞ்சழுத்தம் பாருங்க."

 எனக்கு அழுகை வந்தது. கரண்ட் சாரை அன்று முழு மனதோடு வெறுத்தேன். அம்மாவும் அன்றிலிருந்து அவருக்குத் தயிர் ஊற்றுவதை நிறுத்தினாள். "ஊட்டு சோத்த துன்னுகினு ஊட்டயே எண்றவனுக்கு தயிரு இன்னாத்துக்கு?" என்று என்னிடம் முணுமுணுத்தாள். அவர் மோருக்குக் கையேந்தி, இல்லை என்றதும் ரசத்தையே இன்னொரு தரம் வாங்கிக்கொண்டார்.

எண்கள் என்னை விடவில்லை. ஆள் எண்ணிக்கை என்றால் ஒரே மாதிரி இத்தனை வீட்டுக்கு வருமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை சிலேட்டை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டிலில் உட்கார்ந்தேன். கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன். பெருக்கினேன். முதல் வரிசையை இரண்டாவதால் பெருக்கினால் நாலாவது வந்தது. இன்னொரு வீட்டுக்குப் போட்டேன், வந்தது. முதல் வரிசையை இரண்டாவதால் வகுத்தால் மூன்றாவது வந்தது. பத்து வீட்டுக்குப் போட்டேன், பத்துக்கும் வந்தது. சந்தோஷத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நாலாவது வரிசையில் ஒரு பல்பு வீட்டுக்கெல்லாம் முப்பத்தேழில் ஆரம்பித்து, தெருக் கடைசிக்குப் போகப் போக முப்பத்திரண்டு வரை. இரண்டு பல்பு வீட்டுக்கெல்லாம் எண்பதை ஒட்டி. எழுந்து வீட்டுக்குள் ஓடி, அணைந்திருந்த பல்பின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடியில் மங்கலாக அச்சடித்திருந்தது: நாற்பது. அவ்வளவுதான். பாஷையும் இல்லை, எல்லையும் இல்லை. மனிதர் பல்பைத்தான் எண்ணியிருக்கிறார்.

அப்புறம் எங்கள் வீட்டு வரிசையைப் போட்டேன். இருநூற்று இருபது, பெருக்கல் சைபர் புள்ளி ஒன்பது சைபர். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. எண்பது போக மீதி நூற்றுப் பதினெட்டு. அது மூன்று பல்பு.

கொட்டகையில் மூன்று பல்பு எரிவது எனக்குத் தெரியாதா? தினமும் அதன் கீழேதான் கூலி நெசவாளிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோய் வைப்பேன். ஜன்னலுக்குக் கோணிச் சாக்கு போட்டிருக்கும். வெளியாள் கேட்டால் ராந்தல் வெளிச்சத்தில் நெய்கிறோம் என்று சொல்லணும் என்பது எங்களுக்கு, குருவுக்குக் கும்பிடு போடணும் என்பது மாதிரி ஒரு வீட்டுப் பழக்கம். கண் பட்டுவிடும் என்று அம்மா சொல்லியிருந்தாள். அது திருட்டு என்பதும், புத்தூர் ஆள் எங்கள் ப்யூஸுக்குப் பின்னாலிருந்தே அந்தக் கம்பியை இழுத்திருக்கிறான் என்பதும் அந்தச் சிலேட்டில்தான் எனக்குத் தெரிந்தது. தறி நின்ற சத்தம் மறுபடி காதில் கேட்டது. நைனா புத்தூர் போனது, டீக்கடைக்குப் போனது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றது.

சிலேட்டை அழிக்கத் தோன்றவில்லை. கொட்டில் வாசலில் கரண்ட் சார் ஈரத் தலையோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. குனிந்து சிலேட்டைப் பார்த்தார். ஒரு வீட்டுக் கணக்கில் புள்ளியைத் தப்பான இடத்தில் வைத்திருந்தேன். விரலால் அழித்து, சரியான இடத்தில் வைத்தார். போய்விட்டார். அவர் விரல் பட்ட இடத்தில் லேசாக ஊதா ஒட்டியிருந்தது. நாலு வரிசையையும் நான் திருடுகிறேன் என்று அவருக்குத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு நாள் கழித்து அமாவாசை. அமாவாசையன்று நாம் யாரும் தறியைத் தொடமாட்டோம் என்பது வெளியூர் ஆளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நைனா அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"சார், அன்னைக்கு எங்க ஊட்டுல நீங்க அளந்தது தப்பா கீதுன்னு சொல்றாங்க. இன்னைக்கு சாயங்காலம் இன்னொரு தபா பாருங்களேன்."

ஏழு மணிக்குப் பெட்டியைத் திறந்தார். ப்யூஸைப் பிடுங்கினார், வீடு இருண்டது. கொல்லையில் ஒரு சத்தமும் இல்லை, நிற்பதற்கும் ஒன்றும் இல்லை. முள் சைபர் புள்ளி மூன்று ஆறில் நின்றது.

"தறி ஓடலியா அண்ணா?"

"அமாவாசை சார்."

"ஓ" என்றார். முள்ளை இன்னொரு தரம் குனிந்து பார்த்தார். "சரிண்ணா. முப்பத்தாறு."

மறுநாள் அவர் குளிக்கப் போனபோது, சித்தூருக்கு அனுப்ப அவர் சுத்தமாக எழுதி வைத்திருந்த தாள்களைப் பார்த்தேன். எங்கள் வீட்டு வரிசையில் சைபர் புள்ளி மூன்று ஆறு, அறுநூற்றுப் பதினொன்று, கடைசியில் எழுபத்தொன்பது. எங்களைத் தெருவோடு தெருவாகச் சேர்த்துவிட்டிருந்தார். எல்லாம் தெரிந்த மனிதர், எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதே காலையில் நைனா பெட்டிஷன் எழுதப் போயிருந்தார். சித்தூர் ஆபீஸுக்குத் தெலுங்கில்தான் எழுத வேண்டும் என்பதால், தெலுங்குக்கு ஆள் சேர்க்கிறார் என்ற புகாரைத் தபால் ஆபீஸ் வாசலில் ஒருவர் சுத்தத் தெலுங்கில் எழுதிக் கொடுத்தார். தலைமாட்டில் எல்லோரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் கால்மாட்டிலும் வைத்தார்கள். தமிழ் வீட்டில் தங்கி, தமிழ் வீட்டில் சாப்பிடுகிறவர், தமிழர்களுக்குத்தான் ஆள் எண்ணுகிறார் என்பது அவர்கள் சந்தேகம். நம் தெரு ஒற்றுமையாகச் செய்த காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பெட்டிஷன் இரண்டு நாள் எங்கள் வீட்டு மாடத்தில் இருந்தது. நான் நைனாவிடம் போய், "அவுரு எண்பதுன்னுதான் எழுதிகீறாரு நைனா, அனுப்பாத" என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொன்னால் எனக்கு மூன்று பல்பு தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். நைனா முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? இது ஒரு காரணம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டால் நோட்டு எழுத வேண்டியதில்லை, டீக்கடை இல்லை, வழி விடும் பெரியவர்கள் இல்லை, பொரை இல்லை. நான் மறுபடி கால் அமுக்கப் போக வேண்டும். மூன்றாம் நாள் பெட்டிஷன் தபாலில் போனது.

பத்து நாளில் ஜீப் வந்தது. சித்தூர் ஆபீஸிலிருந்து கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர், கூட ஒரு பியூன். எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தெரு முழுக்கக் கூடியது. நோட்டைப் பிரித்துப் பார்த்ததுமே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது வோல்ட், இது ஆம்பியர், இது ஓம், இது வாட். இதுல பாஷை எங்கய்யா இருக்கு?"

தெரு நம்பவில்லை. அவர்கள் ஆளுக்கு அவர்களே சாட்சி என்று பின்னால் யாரோ சொன்னது எனக்கே கேட்டது. அதிகாரி எழுந்திருக்கத்தான் இருந்தார். அவர் எழுந்திருந்தால் கரண்ட் சாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நோட்டை மூடுவதற்கு முன் சுத்தப் பிரதியையும் அதையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒத்துப் பார்த்தார்.

"இந்த வீட்டுக்கு மட்டும் ரெண்டு ரீடிங் ஏன்? இங்க பாயின்ட் நைன் ஜீரோ. இங்க பாயின்ட் த்ரீ சிக்ஸ். எது சரி?"

கரண்ட் சார் ஊதா உதட்டைக் கடித்துக்கொண்டு நைனாவைப் பார்த்தார். நைனா தரையைப் பார்த்தார். இருபது அடி பின்னால் கொட்டகை. கையை நீட்டிக் காட்டினால் போதும், பகல் வெளிச்சத்திலேயே மூன்று பல்பும் தொங்குவது தெரியும்.

"ரெண்டும் உன் கையெழுத்துதானே? பதில் சொல்லு. ஒரு வீட்டுக்கு இப்படி எழுதுற ஆளு மத்த வீட்டுக்கு எப்படி எழுதியிருப்ப?"

 அதிகாரி சலித்துப்போய்ச் சுற்றிலும் பார்த்தார். தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற என்மேல் கண் விழுந்தது.

"நீ இந்த வீட்டுப் பொண்ணாம்மா? இங்க வா. பயப்படாத. உங்க வீட்டுல மொத்தம் எத்தன லைட்டு?"

கதவுக்குப் பின்னால் அம்மாவின் வளையல் அசைந்து நின்றது. நைனா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன்னும் அவரிடம் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பயந்துபோன ஒரு மனிதர் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்.

"ரெண்டு சார்" என்றேன்.

"நல்லா யோசிச்சு சொல்லு."

"ரெண்டுதான் சார்."

"குழந்தை பொய் சொல்லாது" என்றார் அதிகாரி. "ரெண்டு லைட்டுக்குப் பாயின்ட் நைன் ஜீரோ எப்படிய்யா வரும்?"

கரண்ட் சார் அப்போதுதான் வாயைத் திறந்தார். "நா தப்பே சார். முள்ள சரியா பாக்கல."

அதிகாரி நோட்டைப் படாரென்று மூடினார். ஒரு மாத வேலை, ஐம்பத்தொன்பது வீடு, எல்லாவற்றின் குறுக்கேயும் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். எல்லைப் பிரச்சினை இருக்கும் இடத்தில் இப்படிப்பட்ட அஜாக்கிரதையான ஆள் வேண்டாம், இன்றே கிளம்பு, மேற்கொண்டு ஆபீஸுக்கு வர வேண்டியதில்லை என்று தெலுங்கில் சொன்னார். தேக்குப் பெட்டியைப் பியூன் ஜீப்பில் ஏற்றினான்.

கரண்ட் சார் டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸுக்குப் போகும்போது தெரு வாசல் வாசலாக நின்று வேடிக்கை பார்த்தது. எங்கள் வாசலில் நின்றார். "வரேன் அக்கா" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். அம்மா வெளியே வரவில்லை. என்னிடம் குனிந்து, மெதுவாக, யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

"பெருக்கல் உனக்கு நல்லா வருது அம்மாயி. கூட்டல்தான் கொஞ்சம் பாத்துக்கோ."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அன்றே மறந்திருப்பேன்.

அப்புறம் எல்லை முடிவானது உங்களுக்கே தெரியும். திருத்தணி மெட்ராஸுக்குப் போனது, நாம் ஆந்திராவிலேயே நின்றோம். எந்த நோட்டையும் பார்த்து யாரும் அதை முடிவு செய்யவில்லை. அவர் ரிப்போர்ட் இல்லாமல், கால்மாட்டுக்குத் தடிமனான கம்பி வர அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஆனது. கடைசி வீட்டுக்காரியே, உன் கண் அவ்வளவு சீக்கிரம் கெட்டதற்கு நீ பரம்பரையைத் திட்டிக்கொண்டிருக்கிறாய். என்னையும் கொஞ்சம் திட்டு. நைனா கடைசிவரை, "ஒரு வேவுக்காரன நம்ம தெருவுலேந்து தொரத்துனேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கொட்டகைக் கம்பியை அந்த வாரமே கழற்றிவிட்டார். அவர் செத்தபோது நான் அழுதேன், அந்தப் பேச்சு முடிந்தது என்று ஒரு நிம்மதியும் இருந்தது.

கரண்ட் சார் ஏன் கொட்டகையைக் காட்டவில்லை? சோறு போட்ட வீடு என்றா? கூடியிருந்த தெருவுக்குப் பயந்தா? என்னைப் பொய்க்காரி ஆக்க மனம் வரவில்லையா? என் புத்திக்கு இதிலும் சந்தேகம்தான். கேட்க ஒரு சந்தர்ப்பம் வந்தது. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு திருப்பதி போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் ஒரு பெட்டிக்கடை அளவுக்கு எலெக்ட்ரிக் சாமான் கடை. உள்ளே, டேபிள் ஃபேனைப் பிரித்துப்போட்டுக்கொண்டு, தலை முழுக்க நரைத்து அவர் உட்கார்ந்திருந்தார். கீழுதட்டில் ஊதாப் பொட்டு.

"ஏம் காவாலம்மா?" என்றார். என்ன வேண்டும் என்று கேட்கிறார்.

எத்தனையோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.  "ப்யூஸ் கம்பி" என்றேன். ஒரு முழம் அளந்து, சுருட்டி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கம்பி என் டிரங்குப் பெட்டியில் காகிதம் பிரிக்காமல் இருக்கிறது.

அவர் இப்போது இருக்க வாய்ப்பில்லை. நைனா இல்லை, அம்மா இல்லை, கைநாட்டு வைத்த உங்கள் அப்பாக்கள் ஒருவரும் இல்லை. கேட்ட அதிகாரிக்குச் சொல்லாத பதிலை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

எங்கள் வீட்டில் லைட்டு ஐந்து சார். வீட்டில் இரண்டு, கொட்டகையில் மூன்று. இரண்டும் மூன்றும் ஐந்து.